மலேசியா: இனம், வருமானம், பள்ளிக்கூடம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்களும், மலேசியாவிலேயே பிறந்து வளர்ந்த இளையவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன். பதில்களில் தகவலோடு என் கருத்தும் இருக்கும். இந்த நாட்டில் ஏழைக்குக் கைகொடுக்கும்போது முதலில் அவன் வீட்டு அடுப்பைப் பார்க்க வேண்டும், அடையாள அட்டையில் உள்ள இனத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதே அந்தக் கருத்து.

மலேசியாவில் யார் யார் வாழ்கிறார்கள்?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 3 கோடியே 24 லட்சம் பேர். குடிமக்களில் ஏறத்தாழ 69 விழுக்காடு பூமிபுத்ராக்கள் (மண்ணின் மைந்தர்கள்), 23 விழுக்காடு சீனர்கள், 7 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக இந்தியர்கள். இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

பூமிபுத்ரா என்றதும் மலாய்க்காரர் மட்டும்தான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். போர்னியோ தீவில் உள்ள சபாவின் கடசான்-டூசுன் மக்கள், சரவாக்கின் இபான், பிடாயூ மக்கள் எல்லாரும் அந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். தீபகற்பத்தின் ஆதிக்குடிகளான ஓராங் அஸ்லி மக்கள் சுமார் 2 லட்சம் பேர். எல்லாருக்கும் முன்பிருந்தே இந்த மண்ணில் இருப்பவர்கள் அவர்கள். இன்றும் வசதிகளில் கடைசி வரிசையில் நிற்பவர்களும் அவர்களே.

1969 மே 13 பற்றி ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

அன்றைய கலவரம்தான் இன்றைய கொள்கைகள் பலவற்றுக்கும் தொடக்கம். 1969 மே 10-ல் பொதுத்தேர்தல் நடந்தது. ஆளும் கூட்டணி பல இடங்களை இழந்தது. எதிர்க்கட்சியினரின் வெற்றி ஊர்வலங்களும் அவற்றுக்கு எதிரான திரட்டல்களும் மே 13 அன்று கோலாலம்பூரில் மலாய்க்காரர்–சீனர் மோதலாக வெடித்தன. அரசுக் கணக்கின்படி 196 பேர் இறந்தார்கள். நாடாளுமன்றம் 1971 வரை கூடவில்லை. 1970 ஆகஸ்ட் 31-ல் ருக்குன் நெகாரா எனப்படும் தேசியக் கோட்பாடு அறிவிக்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகள் அதை இன்றும் சபைகூடலில் ஒப்பிக்கிறார்கள்.

வருத்தமான விஷயம் என்னவென்றால், ஒவ்வொரு தேர்தல் சமயத்திலும் யாராவது ஒருவர் அந்தத் தேதியை மிரட்டலாகப் பயன்படுத்துகிறார். இறந்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை என்றே அதைச் சொல்வேன்.

புதிய பொருளாதாரக் கொள்கை என்ன செய்தது?

1971-ல் தொடங்கி 1990 வரை நடந்த திட்டம் இது. இரண்டு குறிக்கோள்கள். ஒன்று, இன வேறுபாடு பாராமல் வறுமையை ஒழிப்பது. மற்றது, இன்ன இனம் இன்ன தொழில் என்ற நிலையை மாற்றுவது. 1970-ல் நிறுவனப் பங்குகளில் பூமிபுத்ராக்களின் கையில் இருந்தது வெறும் 2.4 விழுக்காடு. அறுபது விழுக்காட்டுக்கும் மேல் வெளிநாட்டார் கையில், பெரும்பாலும் பிரிட்டிஷ் கம்பெனிகளிடம் இருந்தது. பூமிபுத்ராக்களின் பங்கை 30 விழுக்காட்டுக்கு உயர்த்துவது இலக்கு.

பலன் கிடைத்ததா என்றால், கிடைத்தது. 1970-ல் தீபகற்பத்தில் பாதி வீடுகள் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தன. மலாய்க் குடும்பங்களில் சுமார் 65 விழுக்காடு, இந்தியரில் 39, சீனரில் 26. ஃபெல்டா என்ற அரசு அமைப்பின் நிலக் குடியேற்றங்கள், கிராமப்புறப் பள்ளிகள், பூமிபுத்ராக்களுக்கான மாரா அமைப்பின் உபகாரச் சம்பளங்கள், தொழிற்சாலை வேலைகள் எல்லாம் சேர்ந்து ஒரே தலைமுறையில் வயல்வெளிக் குடும்பங்களிலிருந்து மருத்துவர்களையும் பொறியாளர்களையும் உருவாக்கின. இதைக் குறைத்துப் பேசுவது நியாயமில்லை.

குறை எங்கே என்றால், நாளாக ஆக இரண்டாவது குறிக்கோள் முதலாவதை விழுங்கிவிட்டது. பங்கு, ஒப்பந்தம், உரிமம் ஆகியவை அரசியல் தொடர்பு உள்ளவர்கள் பக்கம் சாய்ந்தன. கிளந்தானில் மீன்பிடிக்கும் மலாய்க்காரருக்கு அதனால் பெரிதாக எதுவும் வந்து சேரவில்லை. 1990-ல் கொள்கை பெயரளவில் முடிந்தது. அதன் சலுகை அமைப்புகள் பெயர் மாறிப் பெயர் மாறித் தொடர்கின்றன.

அரசியல் சாசனத்தின் 153-வது பிரிவுதான் எல்லாவற்றுக்கும் காரணமா?

இல்லை. மலாய்க்காரர், சபா, சரவாக் பூர்வகுடிகள் ஆகியோரின் சிறப்பு நிலையைக் காக்க அரசு வேலை, உபகாரச் சம்பளம், உரிமம் போன்றவற்றில் நியாயமான அளவு ஒதுக்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. மற்ற சமூகங்களின் நியாயமான நலன்களையும் காக்க வேண்டும் என்று அதே பிரிவின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அந்த இரண்டாம் பாதியை மேடையில் யாரும் படித்துக் காட்டுவதில்லை.

இந்தியர்களில் ஒரு பகுதியினர் ஏன் பின்தங்கினார்கள்?

இதற்குத் தோட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் நின்றது. கங்காணி மூலம் ஆள் சேர்ப்பது 1938-ல் இந்திய அரசு தடை போட்டதும் நின்றது. அதற்குள் லட்சக்கணக்கானோர் சிலாங்கூர், பேராக், கெடா, ஜொகூர் ரப்பர் தோட்டங்களில் குடியேறியிருந்தார்கள். தோட்டம் ஒரு தனி உலகம். லயத்து வீடு, கோயில், கள்ளுக்கடை, மருந்தகம், சிறிய தமிழ்ப்பள்ளி எல்லாம் தோட்ட நிர்வாகத்தின் நிலத்தில்தான் இருந்தன. வேலை போனால் வீடும் போய்விடும்.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பெரிய தோட்டங்களை வெள்ளைக்காரக் கம்பெனிகள் துண்டு துண்டாக விற்றன. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயமானது. பல்லாயிரம் பேர் மூட்டை கட்டிக்கொண்டு இந்தியா திரும்பினார்கள். எழுபதுகளிலிருந்து ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும், அந்த ஆளும் இந்தோனேசியாவிலிருந்து குறைந்த கூலிக்குக் கிடைத்தார். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தோட்டங்கள் வீட்டுமனையாகவும் தொழிற்பேட்டையாகவும் கோல்ஃப் மைதானமாகவும் மாறின. இன்றைய நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயா நிற்கும் இடம் பிராங் பெசார் ரப்பர் தோட்டம். அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் டெங்கில் அருகே அடுக்குமாடி வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. தரை வீட்டுக்காக அவர்கள் பல ஆண்டுகள் அலைய வேண்டியிருந்தது.

மூன்று தலைமுறை பால் மரம் வெட்டியவர்கள் கையில் நிலமும் இல்லாமல், நகரத்துக்கு ஏற்ற தொழிலும் இல்லாமல் கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கு வந்தார்கள். மலாய்க் கிராமத்து ஏழைக்கு ஃபெல்டா இருந்தது. தோட்டத்து ஏழை கிராமப்புறக் கணக்கிலும் வரவில்லை, பூமிபுத்ரா கணக்கிலும் வரவில்லை. தோட்டம் தனியார் நிலம் என்று சொல்லி மின்சாரமும் குழாய்த் தண்ணீரும்கூடத் தாமதமாகத்தான் வந்தன. கொள்கையின் முதல் குறிக்கோள் உண்மையாக நடந்திருந்தால் இந்த மக்கள்தான் முதலில் பயன் பெற்றிருக்க வேண்டும்.

தோட்டங்கள் விற்கப்பட்டபோது நம்மவர்கள் சும்மாவா இருந்தார்கள்?

இல்லை, அந்த முயற்சியைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லித் தர வேண்டும். மலேசிய இந்தியக் காங்கிரஸின் அன்றைய தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகள் மாதம் பத்து வெள்ளி (ரிங்கிட்) கட்டினார்கள். அவர் தோட்டம் தோட்டமாகப் போய் உறுப்பினர் சேர்த்தார். துண்டாடப்படவிருந்த தோட்டங்களைச் சங்கமே வாங்கியது. கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் அவற்றில் முதலாவது. சங்கம் இன்றும் இருக்கிறது. மாதம் பத்து வெள்ளி என்பது அன்றைய தோட்டக்கூலிக்குச் சின்னத் தொகை அல்ல. வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அது. எல்லாத் தோட்டங்களையும் அப்படிக் காப்பாற்ற முடியவில்லைதான்.

ஒரே நாட்டில் மூன்று மொழிகளில் ஆரம்பப்பள்ளிகள் ஏன்?

1951-ல் பார்ன்ஸ் அறிக்கை எல்லாருக்கும் பொதுவான தேசியப் பள்ளியைப் பரிந்துரைத்தது. தமிழர்களும் சீனர்களும் எதிர்த்தார்கள். 1956-ல் வந்த ரசாக் அறிக்கை நடுவழி கண்டது. மொழி வேறாக இருக்கலாம், பாடத்திட்டம் ஒன்றாக இருக்க வேண்டும், மலாய் எல்லாருக்கும் கட்டாயம். இன்றைய தேசியப் பள்ளி, தேசிய வகைச் சீனப்பள்ளி, தேசிய வகைத் தமிழ்ப்பள்ளி மூன்றும் அந்த ஏற்பாட்டின் தொடர்ச்சி. தமிழ்க் கல்வியின் வரலாறு இதைவிட மூத்தது. 1816-ல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பைத்தான் தொடக்கமாகக் கொள்கிறோம்.

தாய்மொழிப் பள்ளிகள் ஒற்றுமையைக் கெடுக்கின்றன என்கிறார்களே?

வழக்கே போட்டுப் பார்த்துவிட்டார்கள். இப்பள்ளிகள் அரசியல் சாசனத்துக்கு முரணானவை அல்ல என்று உயர் நீதிமன்றம் 2021-லும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-லும் தீர்ப்பளித்தன. சட்டப்படி விஷயம் தெளிவு.

சமூகரீதியாகக் கேட்டால் கேள்வியில் ஒரு நியாயம் உண்டு. ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளையோடு விளையாடாமலே வளரும் பிள்ளைகள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் பூமிபுத்ராக்களுக்கு மட்டுமே இடம் தரும் யுஐடிஎம் பல்கலைக்கழகத்தைப் பற்றியோ, பெரும்பாலும் ஒரே இனத்தவர் தங்கிப் படிக்கும் அரசு விடுதிப் பள்ளிகளைப் பற்றியோ யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ஒற்றுமை முக்கியம் என்றால் எல்லா வாசலிலும் அதைக் கேட்க வேண்டும். சீனப்பள்ளிகளில் இன்று கணிசமான மலாய், இந்தியப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அரசு உத்தரவு எதுவும் இல்லாமல், கல்வித்தரத்தை நம்பிப் பெற்றோர் அனுப்புவது அது.

என் பார்வையில், பள்ளிகளை மூடாமலே பிள்ளைகளைச் சேர்க்க முடியும். அக்கம்பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து விளையாட்டு, புறப்பாடம், முகாம் நடத்தலாம். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. இரண்டு தலைமையாசிரியர்கள் மனம் வைத்தால் போதும்.

தமிழ்ப்பள்ளிகளின் இன்றைய நிலை என்ன?

சுதந்திரத்தின்போது 880-க்கும் மேல் இருந்தன. இப்போது சுமார் 530. ஒரு காலத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்த மாணவர் எண்ணிக்கை இப்போது ஏறத்தாழ 80,000-க்கு வந்திருக்கிறது. பிறப்பு விகிதம் குறைந்தது முதல் காரணம். தோட்டத்தை விட்டு மக்கள் போய்விட்டதால் முப்பது பிள்ளைகள்கூட இல்லாமல் பல பள்ளிகள் செம்பனைக்கு நடுவே நிற்பது இரண்டாவது. இந்தியக் குடும்பங்கள் நிறைந்த நகர்ப்புறக் குடியிருப்புகளில் பக்கத்தில் தமிழ்ப்பள்ளி இருக்காது. தோட்டத்துக்குள் பிள்ளைகள் இல்லாத பள்ளியின் உரிமத்தை நகர்ப்புறத்துக்கு மாற்றலாம். மாற்றியும் இருக்கிறார்கள். நிலம், நிதி, அனுமதி மூன்றும் ஒருங்கே அமைவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

அப்புறம் நிதி. பள்ளி தனியார் நிலத்தில் இருந்தால் அது பெரும்பாலும் பகுதி உதவி பெறும் பள்ளிதான். ஆசிரியர் சம்பளம் அரசு தரும், கட்டடத்துக்குப் பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் நன்கொடை திரட்ட வேண்டும். நூறு வருஷத்துக்கு முந்தைய தோட்ட முதலாளி நிலத்தை எழுதித் தராததற்கு இன்றைய பிள்ளை ஏன் விலை கொடுக்க வேண்டும்?

ஆறாம் ஆண்டு முடிந்ததும் என்ன ஆகிறது?

தமிழ் இடைநிலைப்பள்ளி என்று ஒன்று இல்லை. பிள்ளைகள் மலாய்வழித் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள். மலாயில் போதிய தேர்ச்சி இல்லாதவர்கள் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்கார வேண்டும். பதின்மூன்று வயதில் தோழர்கள் எல்லாம் முதலாம் படிவத்துக்கு (இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டு) போக, தான் மட்டும் பின்தங்கியதாக ஒரு பிள்ளை நினைக்கத் தொடங்கும் இடம் இதுதான். படிப்பை விடுவதன் விதை பலருக்கு அங்கேதான் விழுகிறது. நான்காம், ஐந்தாம் ஆண்டிலேயே மலாயில் தடுமாறும் பிள்ளையைக் கண்டுபிடித்துக் கைகொடுத்தால் அந்த ஓராண்டு மிச்சம். தமிழ்ப்பள்ளிக்கு உதவ நினைப்பவர்கள் ஆண்டுவிழாப் பந்தலுக்குக் கொடுக்கும் பணத்தை மலாய்க் கூடுதல் பயிற்சி வகுப்புக்குக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

மெட்ரிகுலேஷன் பற்றி ஏன் இவ்வளவு சண்டை?

அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போக இரண்டு முக்கிய வழிகள். ஒன்று எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத்தில் எழுதும் தேர்வு): ஒன்றரை ஆண்டு, கடினமான தேர்வு, எல்லாருக்கும் திறந்தது. இன்னொன்று மெட்ரிகுலேஷன்: ஓராண்டு, இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு, 10 விழுக்காடு மற்ற எல்லாருக்கும். 2002-ல் பல்கலைக்கழக நுழைவு தகுதி அடிப்படைக்கு மாறியது என்றார்கள். ஆனால் இரண்டு வேறு தேர்வுகளின் மதிப்பெண்ணை ஒரே அளவுகோலில் வைத்து ஒப்பிட்டால் அதில் தகுதி எப்படித் தெரியும்?

2019-ல் பெரிய எதிர்ப்பு கிளம்பியபோது விகிதத்தை மாற்றாமல் மொத்த இடங்களை 25,000-லிருந்து 40,000 ஆக்கினார்கள். 2024-ல் பிரதமர் அன்வார், ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் 10 ஏ எடுத்த எல்லா இன மாணவர்களுக்கும் மெட்ரிகுலேஷன் இடம் உறுதி என்று அறிவித்தார். நல்ல மாற்றம், வரவேற்கிறேன். ஆனால் லாரி ஓட்டுநரின் மகள் ஏழு ஏ எடுத்தால் அவள் கதி என்ன? பத்து ஏ எடுப்பவர்களுக்கு வேறு கதவுகளும் திறக்கும். இடம் உறுதியாகக் கிடைக்க வேண்டியது இவளுக்குத்தான். பணமுள்ள வீட்டுப் பிள்ளை தனியார் பல்கலைக்கழகம் போய்விடும், அல்லது சிங்கப்பூரோ ஆஸ்திரேலியாவோ போய்த் திரும்பாமலே இருந்துவிடும். உலக வங்கி 2011-ல் வெளியிட்ட அறிக்கை, வெளிநாடுகளில் வாழும் மலேசியர்கள் சுமார் 10 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது.

ஐந்தாம் படிவம் முடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மெட்ரிகுலேஷனுக்கு மனுப்போடுங்கள், கிடைக்காவிட்டால் சோர்ந்துபோய் முதலில் கண்ணில் படும் தனியார் கல்லூரியில் கடன் வாங்கிச் சேராதீர்கள். எஸ்டிபிஎம் செலவு மிகக் குறைவு, மதிப்பு அதிகம்.

வேலைச் சந்தையில் பாகுபாடு ஒரு பக்கம் மட்டுமா?

இல்லை. அரசு வேலையில் மலாய்க்காரர் அல்லாதவர்கள் குறைவு என்பது எல்லாருக்கும் தெரியும். தனியார் துறையில் கதை வேறு. ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை மலாய்ப் பெயரிலும் சீனப் பெயரிலும் அனுப்பிப் பார்த்த ஓர் ஆய்வில், சீனப் பெயர்களுக்கே மிக அதிகமாக நேர்காணல் அழைப்பு வந்தது. வாடகை வீட்டு விளம்பரங்களில் இன்ன இனத்தவருக்கு மட்டும் என்று வெளிப்படையாகவே போடுகிறார்கள், அதில் அதிகம் அடிபடுவது இந்தியர்கள். ஒவ்வொரு சமூகமும் தன் காயத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் பேச்சு நகராது.

வறுமை ஒழிந்துவிட்டது என்று சொன்னார்களே?

2016-ல் வறுமை விகிதம் வெறும் 0.4 விழுக்காடு என்று அரசு சொன்னது. ஒரு குடும்பம் மாதம் 980 வெள்ளியில் வாழ்ந்துவிடலாம் என்ற பழைய கோட்டை வைத்துப் போட்ட கணக்கு அது. 2019 ஆகஸ்டில் வந்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் இதைக் கடுமையாக விமர்சித்தார். 2020-ல் கோடு 2,208 வெள்ளிக்கு உயர்த்தப்பட்டதும் 2019-க்கான விகிதம் 5.6 விழுக்காடாக மாறியது. பெருந்தொற்றுக்குப் பிறகு, 2022-ல், 6.2. சபாவில் மட்டும் அது கிட்டத்தட்ட 20 விழுக்காடு. எண்ணெய் வளமுள்ள மாநிலத்தில் ஐந்தில் ஒரு வீடு ஏழை வீடு! அங்கே உள்ளவர்கள் பெரும்பாலும் பூமிபுத்ராக்கள்தான் என்பதைக் கவனியுங்கள். இனச் சலுகை மட்டும் வறுமையைத் தீர்க்காது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இங்கேயே பிறந்தவர்களுக்குக் குடியுரிமை இல்லாமல் இருப்பது எப்படி?

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டது, பெற்றோர் திருமணத்தைப் பதியாதது, தந்தை யார் என்ற ஆவணம் இல்லாதது எனக் காரணங்கள் சின்னதாகத் தோன்றும். விளைவு பெரிது. குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டையோடு எழுபது வயதில் நிற்கும் பாட்டிகள் இருக்கிறார்கள். ஆவணமே இல்லாத பிள்ளைக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து வங்கிக் கணக்குவரை எல்லாமே தடை.

2024 அக்டோபரில் நாடாளுமன்ற மக்களவை சாசனத் திருத்தத்தை நிறைவேற்றியது. மலேசியத் தாய்க்கு வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளையும் குடியுரிமை பெற அது வழி செய்கிறது. பெண்கள் நீண்ட காலம் போராடிப் பெற்ற வெற்றி. கோயில் திருமணம் மட்டும் செய்துகொண்டவர்கள் இருந்தால், தயவுசெய்து பதிவு இலாகாவுக்குப் போய்ப் பதிந்துவிடுங்கள். பிள்ளையின் எதிர்காலம் அந்தத் தாளில் இருக்கிறது.

வெளிநாட்டுத் தொழிலாளர்களால்தான் நம் சம்பளம் உயரவில்லையா?

கூலியைக் கீழே பிடித்து வைப்பது முதலாளிகள். வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் கடன்பட்டு வருகிறவர் அந்த ஏற்பாட்டில் நம்மைவிட மோசமாக அடிபடுகிறவர். குறைந்தபட்சச் சம்பளம் 2013-ல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கி 2025-ல் 1,700 வெள்ளிக்கு வந்திருக்கிறது. அது அவர்களுக்கும் பொருந்தும். சட்டத்தை ஒழுங்காக அமல்படுத்தினால் இரு தரப்புக்கும் நன்மை. நம் தாத்தாக்களும் கடனோடு கப்பல் ஏறியவர்கள்தானே.

தேவை அடிப்படையில் உதவி என்றால் மலாய்க்காரர்கள் இழந்துவிட மாட்டார்களா?

அந்தப் பயம் உண்மையானது, அதைக் கேலி செய்யக் கூடாது. ஆனால் கணக்கைப் பாருங்கள். குடிமக்களில் பத்தில் ஏழு பேர் பூமிபுத்ராக்கள். ஏழைகளிலும் பெரும்பாலோர் அவர்களே. வருமானத்தை வைத்து உதவி கொடுத்தால் அதில் பெரும்பங்கு கிளந்தான், சபா, சரவாக் கிராமங்களுக்குத்தான் போகும். கோலாலம்பூரில் இரண்டு வீடு வைத்திருக்கும் குடும்பத்தின் பிள்ளை பெறும் உபகாரச் சம்பளம் கெடாவின் பாலிங் விவசாயியின் பிள்ளைக்குப் போகும். அதே வரிசையில் பூச்சோங் அடுக்குமாடியில் வாழும் தமிழ்ப் பிள்ளைக்கும், புதுக்கிராமத்துச் சீனப் பிள்ளைக்கும், கேமரன் மலைக்காட்டு ஓராங் அஸ்லி பிள்ளைக்கும் இடம் இருக்கும். இழப்பவர்கள் உண்டென்றால், அவர்கள் ஏற்கெனவே மேலே வந்துவிட்டவர்கள்.

இந்தியர்களுக்கான மித்ரா போன்ற நிதிகளை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆண்டுக்குப் பத்துக் கோடி வெள்ளி உதவிதான். ஆனால் அது ஒவ்வோர் ஆண்டும் கேட்டு வாங்கும் தொகை, யாருக்குப் போனது என்று ஒவ்வோர் ஆண்டும் தகராறு. பொது வரவுசெலவுத் திட்டத்தில், பொதுக் கல்வித் திட்டத்தில், நில மேம்பாட்டில் ஏழை என்ற ஒரே தகுதியில் நம் மக்களின் பெயரும் ஏற வேண்டும். 1971-ல் எழுதிய முதல் குறிக்கோள் அதைத்தான் சொல்கிறது.